பெரியம்மாவின் பொட்டலமும் பொறுப்பு இயக்குநரும்

ஷுவான் கண்ணு,

இல்லை, அம்மா ராஜினாமா எதுவும் செய்யவில்லை. நீ கேட்ட படத்தில் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டு கன்னம் உப்ப எதையோ அடைத்து வைத்திருப்பது அவளேதான். ஆனால் அது லஞ்சம் இல்லை. உன் பெரியம்மா மூங்கில் இலையில் அரிசி கட்டி அவித்த பொட்டலம். பெரியப்பா மகன் ஜி-வெய் படத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் கதையை அனுப்பாமல் விட்டிருக்கிறான், அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஆகவே கதையை நான் எழுதுகிறேன். அதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? ரோட்டர்டாமில் கோடையிலும் ஸ்வெட்டர் போடுகிறேன் என்றாய், போடு, கழற்றாதே. இங்கே நாங்கள் சுகம். மழை வருவதை வானொலிக்கு முன்னால் என் முட்டி சொல்லிவிடுகிறது. போன புயலில் நம் மாடியில் துணி காயப்போடும் மூங்கில் கழி பக்கத்து வீட்டு மாடிக்குக் குடிபோய்விட்டது. அவர்கள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அதில் அவர்கள் துணி காய்கிறது. பூனை பருத்துவிட்டது. அம்மா இளைத்துவிட்டாள்.

இளைத்ததற்குக் காரணம் அந்தப் 'பொறுப்பு'. நகரத் திட்ட அலுவலகத்தில் பொறுப்பு இயக்குநர் என்று அவளை உட்காரவைத்தது உனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் இதற்கு முன் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. வாழ்த்தாக வந்த ஆர்க்கிட் தொட்டிகளில் பாதி ரிப்பனில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் இருந்தது, கடைக்காரன் பழக்கத்தில் எழுதிவிட்டான். ஆண்டு இறுதி விருந்தில் இயக்குநரின் மனைவிக்கு என்று ஒரு பட்டுக் கழுத்துத் துணி தருவது வழக்கமாம். எனக்குத் தந்தார்கள். நன்றாக இருக்கிறது, குளிருக்குக் கட்டிக்கொள்கிறேன். முதல் கூட்டத்திலேயே ஒரு நகர மன்ற உறுப்பினர் எழுந்து, டைரக்டரம்மா இவ்ளோ நேரம் இங்க இருந்தா வீட்ல யார் சமைக்கிறாங்க என்று கேட்டாராம். நீங்க வந்தா நீங்கதான் என்றாளாம் அம்மா. சிரித்தார்கள். அடுத்த நாள் அவள் பேசிய தொனியைப் பற்றித்தான் செய்தி வந்தது, பேசிய திட்டத்தைப் பற்றி இல்லை. அந்தத் திட்டம் உனக்குத் தெரிந்ததுதான். கற்பூர மரத் தெருவின் கடை வாசல்கள். ஒவ்வொரு கடைக்காரனும் தன் வாசல் தாழ்வாரத்தைப் பக்கத்துக் கடையைவிட ஒரு பிடி உயர்த்திக் கட்டி, அவன் கட்டினான் என்று அடுத்தவன் இன்னொரு பிடி உயர்த்தி, அந்தத் தெருவில் நடப்பது ஏணியைப் படுக்கப்போட்டு அதன்மேல் நடப்பதைப் போல. சக்கர நாற்காலிக்காரர்களும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் சாலையில் இறங்கி லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் போகிறார்கள். தெருமுனையில் ஆரம்பப் பள்ளி. படிகளை எடுத்துவிட்டு மொத்தத் தெருவிலும் சக்கரம் உருண்டு போகிற மாதிரி செய்யவேண்டும். செலவு நகரத்தினுடையது. ஆனால் வாசல் அவரவர் சொத்து என்பதால் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஆகஸ்டில் தைபேயிலிருந்து அமைச்சகத்து ஆட்கள் பார்க்க வருவார்கள். நடுவில் ஒரு கடை விட்டுப்போனாலும் தெரு உடைந்த பல். வேலை வேறு ஊருக்குப் போய்விடும். அம்மாவின் பெயருக்கு முன்னால் இருக்கும் அந்தப் 'பொறுப்பு' நிரந்தரமாகப் போவதா, அம்மாவே போவதா என்று மேயர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார் என்று அலுவலகத்தில் காவலாளி முதல் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எல்லாக் கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரே ஒருவரைத் தவிர. என் சொந்த அண்ணன்.

பள்ளிச் சீருடைக் கடை. தெருவிலேயே உயரமான வாசல், இரண்டு படி. ஊரில் சட்டைப் பையின்மேல் எண் தைத்துக்கொண்ட ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஏறித்தான் இறங்கியிருக்கிறது. அம்மா அந்தக் கடைக்குப் போய்ப் பேச முடியாது. உறவுக்காரர் விஷயத்தில் அதிகாரி ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது சட்டம், ஒதுங்கினாள், அந்த ஒரு கடையை மட்டும் துணை இயக்குநர் குவோவிடம் ஒப்படைத்தாள். ஆனால் உன் அம்மா எதையும் பாதியில் நிறுத்துகிறவளா? அந்தத் தெரு வழியாக ஸ்கூட்டரில் போவதை விட்டாள். அண்ணன் பிறந்தநாள் விருந்துக்கு என்னைத் தனியாக அனுப்பினாள். புத்தாண்டுக்கு வாசலில் நின்று வணங்கிவிட்டு உள்ளே கால் வைக்காமல் திரும்பினாள். குவோவை உனக்கு நினைவிருக்கும், தொந்தியும் சிரிப்புமாக இருப்பாரே, பழைய இயக்குநரோடு சுற்றி வந்தவர். அவர் போய்ப் பார்த்தார், சோள மதுப் புட்டியோடு. அண்ணன் குடித்தார், கையெழுத்துப் போடவில்லை. எனக்கு ஆட்சேபம் இல்ல, மண்ணுக்குரிய சாமிகிட்ட கேளுங்க, அவர் சரின்னா சரி என்றாராம். குவோ தெருக்கோடிக் கோயிலில் மண்டியிட்டுப் பேர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் சொல்லி சாமியின் சம்மதம் கேட்கும் அந்த இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டிருக்கிறார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே. சாமி சிரிக்கிறார், பதில் தரவில்லை என்று பொருள். மறுபடி போட்டார். சிரித்தார். மூன்றாம் முறையும் சிரித்தார். சாமிக்கு அன்னிக்கு மனசு ரொம்ப லேசா இருந்திருக்கு டைரக்டர் என்று அம்மாவிடம் வந்து அறிக்கை கொடுத்தாராம். அலுவலகத்தில் வேறு மாதிரிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சொந்தப் புருஷனோட அண்ணனைச் சரிக்கட்ட முடியல, இவங்க ஊரைச் சரிக்கட்டப் போறாங்களாம். அம்மா அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள், குரல் மாற்றி. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சாப்பிடாமல் எழுந்து போனாள்.

நான் அதிகாரி இல்லை. மாணவர்களுக்குக் கவிதை சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவனை எந்தச் சட்டமும் தடுக்காது. போனேன். அண்ணன் தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாடா, டைரக்டரோட வீட்டுக்காரம்மா, என்றார். நீல நூல் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா போட்ட தரை இது என்றார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரனவிட நான் தாழ்ந்தா அடுத்த மழைக்கு அவன் வாசல் தண்ணி எங்கடைக்குள்ள, தண்ணியோட அவன் பீடையும் சேர்ந்து வரும், வேணும்னா உன் பொண்டாட்டிய வந்து எறைக்கச் சொல்லு. பெரியம்மா உள்ளேயிருந்து வரவே இல்லை. தொலைக்காட்சியின் சத்தம் மட்டும் கூடியது. யாரும் தேநீர் ஊற்றவில்லை. அந்த வீட்டில் தேநீர் இல்லாமல் நான் திரும்பியது அதுதான் முதல் தடவை. தரையைப் பற்றிய கோபத்துக்குத் தேநீர் நிற்காது என்று தோன்றியது. வேறு ஏதோ இருக்கிறது. என்ன என்று பிடிபடவில்லை. ஒரு மனிதனுக்குத் தன் அண்ணனைப் பற்றி எவ்வளவு தெரியும்? முகம் தெரியும். இருமல் தெரியும்.

பிறகு ஜூலையில் பொதுக்கூட்டம். வழக்கம்போலக் கோயில் முற்றத்தில், பிளாஸ்டிக் முக்காலிகள், வழக்கமாகப் பாட்டுப் பாட எடுக்கும் எதிரொலி மைக். தெருவே வந்திருந்தது. நான் பின்வரிசையில், கண்ணாடிக் கடைக்காரருக்குப் பக்கத்தில். முன்னால் மேஜையில் அம்மா, குவோ, அலுவலக விஜிலென்ஸ் பிரிவிலிருந்து தெங் என்கிற பெண், சிரித்தால் தாடை வலிக்கும் என்பதுபோல உட்கார்ந்திருப்பாள். அம்மா தெருவைப் பற்றி நன்றாகப் பேசினாள், சுருக்கமாக, படத்தைக் காட்டி. அண்ணன் எழுந்து மைக்கை வாங்கினார். உடனே அம்மா எழுந்தாள். இப்ப பேசப்போறது என் கணவரோட அண்ணன் வீட்டு விஷயம், நான் இருக்கக்கூடாது, குவோ பாத்துப்பார் என்று சொல்லிவிட்டு, கோப்பை மூடி, வாசலைப் பார்த்து நடந்தாள். அப்பா போட்ட தரை என்று அண்ணன் ஆரம்பித்தார், ரை ரை ரை என்று மைக் திருப்பிச் சொன்னது. அப்போதுதான் பெரியம்மா எழுந்து அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். பாருங்க, பாருங்க, இப்பவும் எழுந்து போறா! தரையும் இல்ல, தண்ணியும் இல்ல, எல்லாம் பொய்யி, இந்த மனுஷன் என் மானத்துக்காகத் தரையச் சொல்லிட்டுத் திரியறார். படகுத் திருவிழாவுக்கு ஒரு கட்டுப் பொட்டலம் கட்டி அனுப்பிச்சேன். மூங்கில் இலை நானே போய்ப் பாத்து வாங்கினது. ஆபீஸ் டிரைவர்கிட்ட குடுத்துத் திருப்பி அனுப்பிச்சுட்டா. சூடு கூட ஆறல! கயிறு கூட அவுக்கல!

எனக்கும் அப்போதுதான் தெரியும். நான் அந்த வாரம் தைச்சுங்கில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் பொட்டலம் வரலையா என்று நான் கேட்டதற்கு அம்மா இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தாள். பக்கத்தில் கண்ணாடிக் கடைக்காரர் ஐயோ, பொட்டலத்தையா என்று முணுமுணுத்தார், ஏதோ குழந்தையைத் திருப்பி அனுப்பியதுபோல. அம்மா வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றாள். போனால் அவமானம் இரட்டிப்பு. வந்தால் சட்டம். அவள் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது யோசித்துக்கொண்டிருந்தது. திரும்பினாள். தெங், பொட்டலம் தரை விஷயத்துல சேருமா என்று கேட்டாள், அங்கிருந்தே, சத்தமாக. சேராது என்றாள் தெங். தனி விஷயம். பேசலாம். அம்மா திரும்பி வந்தாள், மைக் இல்லாமல் பேசினாள், அதனால் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். அக்கா, பயந்துட்டேன். எனக்கு முன்னாடி அந்த நாற்காலில இருந்தவங்க உங்க கடைலயே உக்காந்து குடிச்சுட்டுப் போவாங்க, யாரும் எண்ணல. நான் டீல போடற சர்க்கரையக் கூட எண்ணறாங்க. அவங்க எண்றதுக்கு முன்னாடி நானே எண்ணிடணும்னு ஒவ்வொண்ணா எண்ணினேன். எண்ற அவசரத்துல உங்களையும் சேத்து எண்ணிட்டேன். அது தப்பு. பெரியம்மா மைக்கை இறக்கவில்லை. வடக்கத்திக்காரி, நாங்க தண்ணில போட்டு வேகவைக்கறது உனக்கு இறங்கலைன்னுல்ல நெனச்சேன்! இறங்காதுதான் என்றாள் அம்மா. ஷின்ஜூவில எங்கம்மா ஆவிலதான் வேகவைப்பாங்க, உங்களது கொழகொழன்னு இருக்கும், வேர்க்கடலை வேற அதிகம். ஆனா வருஷா வருஷம் உங்க வீட்ல எட்டுக்குக் குறையாம தின்னுட்டுத்தானே எழுந்திருக்கேன், அத யாரு எண்ணினா? முதலில் சிரித்தது அண்ணன். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, மைக் அதையும் பிடித்து மும்முறை திருப்பிச் சொன்னது. அதற்குள் தெங் தொண்டையைக் கனைத்தாள். பண்டிகைக்கு வர்ற தின்பண்டத்த விதி தடுக்கலைங்க, ஒரு வரி எழுதி வெச்சாப் போதும், டைரக்டர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், என்றாள். அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். சட்டத்தைவிட ஒரு பிடி உயரமாகக் கட்டிவிட்டிருக்கிறாள், அந்தத் தெருவில் எல்லோரும் கட்டியதைப் போலவே.

பெரியம்மா விடுவிடுவென்று கடைக்குப் போய் உறைபெட்டியில் மிஞ்சியிருந்ததை எடுத்து, கோயில் சமையலறையில் வேகவைத்து, இலையை உரித்துக் கொண்டுவந்தாள். இந்தா தின்னு, எல்லாரும் பாக்கட்டும். அம்மா நின்றபடியே தின்றாள், அது கொதித்துக்கொண்டிருந்தது, துப்பவும் முடியாது. அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்கள். கண்ணில் தெரியும் ஈரம் உணர்ச்சி என்று ஜி-வெய் சொன்னானாம். இல்லை, சூடு. தின்று முடித்து, கையைத் துடைத்து, இப்போ தரை என்று சொல்லிவிட்டு, வெளியே போய்விட்டாள் கண்ணு! தெருவுக்கு அந்தப் பக்கம் தன் ஸ்கூட்டர்மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இந்த முறை பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே குவோ தன் வாழ்நாளின் சிறந்த கால்மணி நேரத்தை நடத்தினார் என்று சொல்லவேண்டும். அண்ணன் சொன்னார், தாழ்த்தறேன், ஆனா கண்ணாடிக் கடையவிட தாழ மாட்டேன். குவோ தொந்தியைத் தடவிக்கொண்டு, யாரு உங்களச் சமமா இருக்கச் சொன்னா என்றார். அவங்க வாசலக் கொஞ்சம் ஏத்தறோம், உங்களதக் கொஞ்சம் இறக்கறோம், நடுவுல படி கிடையாது, நீளமா ஒரு சரிவு. தண்ணி ரோட்டப் பாத்துப் போகும். நீங்கதான் அப்பவும் உசரம். எவ்வளவு உசரம் என்றார் அண்ணன். ஒரு விரல். ரெண்டு. சக்கரம் தாங்காதுங்க. ரெண்டு, எங்கப்பா போட்டது. பக்கத்தில் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, ஒண்ணரை வெச்சுக்கய்யா, எனக்கு மழைக்கு முன்னாடி வீட்டுக்குப் போகணும் என்றார். ஒன்றரை விரல். அண்ணன் கையெழுத்துப் போட்டார். கைதட்டல் தெருவைத் தாண்டிக் கேட்டிருக்கும். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என்ன ஆச்சு என்று கேட்கவும் இல்லை, என் பின்னால் உட்கார்ந்து மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன். குவோ முத்திரை வைக்கிற வரைக்கும் எனக்குத் தெரியக்கூடாது என்றாள். அந்த வாரம் முழுவதும் தெருவுக்கே தெரிந்த விஷயத்தை வீட்டில் ஒரே ஒருத்திக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு!

படம் வந்த மறுநாள் அதே நகர மன்ற உறுப்பினர், மனுதாரர் கையால சாப்பிடறது எந்த ஊர் நகரத் திட்டம் என்று கேள்வி போட்டுவிட்டார். அதைக் கேட்டுத்தான் நீ ராஜினாமா என்று பயந்திருக்கிறாய். தெங் பதில் எழுதினாள்: பொட்டலம் ஒன்று, பன்றியிறைச்சி, கஷ்கொட்டை, வேர்க்கடலை, உறவுமுறைப் பண்டிகை உணவு, பதிவு செய்யப்பட்டது. அவ்வளவுதான். ஆனால் மேயர் மாளிகையிலிருந்து இதை எழுதுகிற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. அமைச்சகத்து ஆட்கள் வந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், பணி நம் ஊருக்குத்தான். அது போதும் என்கிறாள் அம்மா. நாற்காலிய குவோவுக்குக் குடுத்தாலும் எனக்கு வருத்தமில்ல, சரிவு போடத் தெரிஞ்சவர், என்கிறாள். வருத்தம் இருக்கிறது. இரவு உணவுக்குப் பிறகு தொலைபேசியைத் தன் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்கிறாள், பிறகு அதை மறந்துவிட்டவள்போல நடிக்கிறாள். நானும் பார்க்காதவன்போல.

உன்னையும் அங்கே பிரிவுக்குத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள், யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் என்ன சொல்ல? என்னைத் தலைமை ஏற்க யாரும் கூப்பிட்டதில்லை, பூனை உட்பட. எடுத்துக்கொண்டால் ஒன்று செய், சந்தேகம் வரும்போது விதி தெரிந்த ஆளிடம் கேட்டுவிடு. நீயாகவே இன்னொரு விதி போட்டுக்கொள்ளாதே. மற்றபடி உனக்குத் தெரியும். ஈரத் தலையோடு சைக்கிளில் போகாதே. பெரியம்மாவுக்கு ஒரு போன் போடு, பொட்டலம் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, அவளே சொல்வாள், ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு கூட்டித்தான் சொல்வாள், நீ புதிதாகக் கேட்பதுபோல ஆச்சரியப்படு. உனக்கு நல்ல தூக்கமும் நல்ல பசியும் நேர்மையான நண்பர்களும் கிடைக்கட்டும். போகிற பாதையெல்லாம் தடுக்காமல் இருக்கட்டும். சாமியிடம் உன் பெயர், பிறந்த தேதி, ரோட்டர்டாம் விலாசம் எல்லாம் சொல்லிவிட்டேன், அந்தத் தெருப் பெயரை என்னால் உச்சரிக்க முடியவில்லை, அவர் பார்த்துக்கொள்வார்.

உன் அப்பா,
ஷி சுங்-ஹாய்

பி.கு. உறையை ஒட்டப்போகும்போது ஆணை வந்துவிட்டது. அம்மாவின் பெயருக்கு முன்னால் 'பொறுப்பு' இல்லை, இயக்குநர் என்று மட்டும். அம்மா அதை நின்றபடி படித்தாள், ஒருமுறை. குவோவுக்கு நன்றி சொன்னாள். பிறகு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் கற்பூர மரத் தெருவுக்குப் போனாள். பள்ளி திறக்கிற நேரம், அண்ணன் கடையில் கூட்டம். உள்ளே போய், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்து, சட்டைகளின் உள்பக்கம் தொங்கிய நூல்களை வெட்ட ஆரம்பித்தாள்.